எனக்கும் வருத்தம்தான்

அன்புள்ள அப்பா,

இன்று காலை என் கல்யாணப் புடவையைப் பிரித்துப் பார்த்தேன். பீரோவின் அடித்தட்டில், நீங்கள் கடையிலிருந்து கொண்டுவந்த அதே அட்டைப்பெட்டியில், வெள்ளைத்துணி சுற்றி வைத்தது வைத்தபடி இருந்தது. மூடியைத் திறந்ததும் பட்டும் கிராம்பும் கலந்த வாசனை வந்தது. வேலை முடிந்து வீட்டுக்கு வரும்போது உங்கள் சட்டையில் அடிக்கும் வாசனை அது. புடவையை உதறினேன். மடிப்பு விழுந்த இடங்களிலெல்லாம் பட்டு விட்டுப்போயிருந்தது.

"ஒரே மடிப்புல வெச்சா மடிப்புலயே விட்டுரும்மா" என்பீர்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நீங்களே வந்து, கட்டில்மேல் விரித்து, வேறு வாட்டத்தில் மடித்து வைத்துவிட்டுப் போவீர்கள். நீங்கள் போட்ட கடைசி மடிப்பைக் கலைக்க எனக்கு மனம் வரவில்லை. மூன்று வருடமாக அப்படியே விட்டுவிட்டேன். பாசம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சோம்பலும் கொஞ்சம் உண்டு, உங்களிடம் மறைப்பானேன்.

பள்ளிக்குக் கிளம்பி நின்ற உங்கள் பேத்தி பக்கத்தில் வந்து கிழிசலைத் தொட்டுப் பார்த்தாள். அவளுக்கு இப்போது பதின்மூன்று வயது. புடவையைப் பற்றி ஏதோ கேட்கப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் வேறு கேட்டாள். "அம்மா, அன்னிக்கு அம்மப்பா என்னைப் பாக்கத்தானே கெளம்பி வந்தாரு? நான் அவர் வீட்டுக்குப் போயிருந்தா வந்திருக்கமாட்டாருல்ல?"

உங்களை அவள் இன்னும் அம்மப்பா என்றுதான் சொல்கிறாள். அந்தக் கேள்வியை மூன்று வருடமாக மனதுக்குள் வைத்திருந்திருக்கிறாள். டிபன் பாக்ஸை எடுத்துக்கோ, நேரமாகுது என்றேன். அவள் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அதிலிருந்து இந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்க முடியவில்லை. ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டேன்.

நீங்கள் அவளைப் பார்க்க வரவில்லை. நான் ஒரு சொல்லைத் தவறாகப் படித்தேன், அதனால் வந்தீர்கள். அதை யாரிடமும் சொல்லாமல், பேத்தியைப் பார்க்க வந்தார் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்தேன். என் பொய் அந்தக் குழந்தையின் தலையில் போய் உட்கார்ந்துகொண்டிருக்கிறது. அவளிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் உங்களிடம் சொல்லியாக வேண்டும்.

எனக்கு நான்கு வயதில் நாம் இலங்கையிலிருந்து வந்தோம். படகு எனக்கு நினைவில்லை. மண்டபம் முகாமும் அரைகுறையாகத்தான். என் நினைவு தொடங்குவதே மந்தைவெளி வீட்டில். ஒரு அறை, ஒரு சமையலறை, வெளியே பொதுக் குழாய். மாதாமாதம் போலீஸ் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவீர்கள். தி. நகரில் ஒரு பட்டுப்புடவைக் கடையில் உங்களுக்கு வேலை. முதலாளி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். கடையில் உங்களை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, சிலோன்காரர்தான். கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் கல்யாணப் புடவை எடுக்க வரும்போது, "சிலோன்காரர் எங்க? அவரக் கூப்பிடுங்கய்யா" என்று முதலாளி குரல் கொடுப்பாராம். உங்கள் பேச்சுக்காகத்தான் உங்களை வேலைக்கு வைத்திருந்தார்கள்.

அந்தப் பேச்சுக்குத்தான் நான் தடை போட்டேன்.

ஏழாம் வகுப்பில் ஒருநாள் என் மார்க் ஷீட் வாங்க நீங்கள் பள்ளிக்கு வந்தீர்கள். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. டீச்சருக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு, "பிள்ளை வடிவாப் படிக்கிறாவோ? வகுப்பில குழப்படி ஏதும் செய்யிறாவோ?" என்று கேட்டீர்கள். நன்றாகப் படிக்கிறாளா, சேட்டை செய்கிறாளா என்று கேட்கிறீர்கள். டீச்சருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பின்பெஞ்சு சும்மா விடுமா? அன்றிலிருந்து முழுப்பரீட்சை வரைக்கும் வகுப்பில் என் பெயர் குழப்படி.

வீட்டுக்கு வந்து அழுதேன். அழுகை நின்றதும் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து நடுவில் கோடு போட்டேன். இடது பக்கம் உங்கள் சொற்கள், வலது பக்கம் அதற்குப் பதிலாகச் சொல்ல வேண்டியவை. ஓம் என்றால் ஆமா. கதைக்கிறது என்றால் பேசுறது. கெதியா என்றால் சீக்கிரம். பேந்து என்றால் அப்புறம். சமையலறை அலமாரிக் கதவின் உள்பக்கம் அதை ஒட்டினேன். இனி இந்த வீட்டில் இப்படித்தான் பேச வேண்டும் என்று உத்தரவு போட்டேன். பன்னிரண்டு வயதுக்காரியின் அதிகாரத்தைப் பார்த்து அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். நீங்கள் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பட்டியலை மேலிருந்து கீழ்வரை படித்துவிட்டு, "சரிம்மா" என்றீர்கள். "ஓம் பிள்ளை" என்று சொல்ல வந்த வாய் அது. அப்போதே மாற்றிக்கொண்டது.

நம் பேச்சைக் கேட்டாலே வீட்டுக்காரர்கள் கதவைச் சாத்திய வருடங்கள் அவை. அதனால் பயந்துபோய் அப்படிச் செய்தேன் என்று பிற்பாடு சிலரிடம் சொல்லியிருக்கிறேன். கேட்டவர்கள் உச்சுக்கொட்டினார்கள். அது முழு உண்மை இல்லை அப்பா. எனக்குப் பயமெல்லாம் இல்லை. வெட்கம்தான்.

அம்மா என் உத்தரவை மதிக்கவில்லை. சாகும்வரை உங்களோடு உங்கள் தமிழில்தான் கதைத்தாள். நான் கல்லூரி இரண்டாம் வருடம் படிக்கும்போது அவள் போனாள். அதன் பிறகு அந்த வீட்டில் உங்கள் பேச்சைப் பேச உங்களுக்கு ஆளில்லை. அதைப் பற்றி நான் ஒரு நிமிடம்கூட யோசித்ததில்லை.

யோசித்திருக்க வேண்டிய ஒரு நாள் வந்தது. அம்மா போன ஆறேழு மாதத்தில், கல்லூரி விட்டு தி. நகர் வந்தவள், வீட்டுச் சாவி வாங்கக் கடைக்குள் நுழைந்தேன். மாடியில் நீங்கள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தீர்கள். எதிரே கல்யாணப் பெண்ணோடு கனடாக் குடும்பம் ஒன்று. மடியிலும் தரையிலும் புடவைகள். "இந்த மாம்பழ மஞ்சள் பொம்பிளைக்கு நல்ல வடிவா இருக்கும். ஒருக்காத் தோளில போட்டுப் பாருங்கோவன். பிடிக்காட்டி நான் காசு கேக்கமாட்டன், முதலாளி கேப்பார்" என்றீர்கள். அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். நான் தூணுக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இப்படி வாய் ஓயாமல் பேசும் மனிதரை நான் வீட்டில் கண்டதே இல்லை. கையெல்லாம் பேசியது. குரலே வேறாக இருந்தது.

நிமிர்ந்தபோது என்னைப் பார்த்துவிட்டீர்கள். "வாம்மா, எப்ப வந்தே?" என்றீர்கள், சுத்தமான மெட்ராஸ் தமிழில். அந்த அம்மாள் திரும்பிப் பார்த்து, "மகளோ?" என்று கேட்டார். "ஓம்" என்றீர்கள். உடனே என் முகத்தைப் பார்த்து, "ஆமாங்க" என்று திருத்திக்கொண்டீர்கள். சாவியை வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டேன். அன்று இரவு உங்களிடம், "எனக்கு முன்னாடி எப்படி வேணா பேசுங்கப்பா" என்று சொல்லியிருக்கலாம். ஒரு வரிதான். ஓட்டலில் வாங்கிய சாம்பார் புளித்துவிட்டது என்று மட்டும் சொன்னேன்.

பிறகு வேலை, கல்யாணம், அடையாறில் வீடு, குழந்தை. நீங்கள் மந்தைவெளியை விட்டு வரவில்லை. கடையை விட்டு ஓய்வு பெற்ற பிறகு பேத்திதான் உங்கள் வேலை. அவள் பள்ளி உங்கள் தெருவுக்குப் பின்னால். மூன்றரை மணிக்கு வாசலில் நின்று அழைத்துக்கொண்டு போவீர்கள். ஆறரைக்கு நான் வந்து கூட்டிக்கொண்டு போவேன். அந்த மூன்று மணிநேரத்தில் என்ன நடந்தது என்பது அவள் பத்து வயதில், ஒரு வியாழக்கிழமை, எங்கள் சாப்பாட்டு மேசையில் தெரியவந்தது. தோசை வைத்தேன். "நான் பேந்து சாப்பிடுறன் அம்மா" என்றாள்.

என் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. அவளுக்குப் பெருமை. இன்னும் தெரியும் என்று ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள். தாத்தா என்று அழைத்துக்கொண்டிருந்தவள் அம்மப்பா என்றாள். அம்மாவின் அப்பாவை அப்படித்தான் கூப்பிட வேண்டுமாம். இதெல்லாம் அம்மாவிடம் சொல்லக்கூடாத ரகசியம் என்றாராம் அம்மப்பா. குழந்தையிடம் ரகசியம் சொல்லி எந்தத் தாத்தா தப்பியிருக்கிறார்!

மறுநாள் மாலை உங்கள் வீட்டில் நான் போட்ட கூச்சல் நினைவிருக்கிறதா? எனக்கு ஒரு சொல்கூட மறக்கவில்லை. முப்பது வருடம் கட்டிக்காத்ததைக் கெடுத்துவிட்டீர்கள் என்றேன். அவளையும் ஊர் சிரிக்க வைக்கப்போகிறீர்களா என்றேன். நீங்கள், "அவதாம்மா கேட்டா. ஆசையாக் கேட்டா, அதான் சொல்லிக் குடுத்தேன்" என்றீர்கள். அதற்கு நான் சொன்னது இது: "நீங்க அகதியா வந்தீங்க. அவ இங்க பொறந்தவ."

நானும் உங்கள் தோளில் ஏறி வந்தவள்தான் என்பது அந்த நேரத்தில் எனக்கு மறந்துபோயிற்று. "டீ போடட்டுமா?" என்று கேட்டீர்கள். நான் குழந்தையின் பையை எடுத்துக்கொண்டு, இனி அவள் இங்கே வரமாட்டாள், வேறு ஏற்பாடு செய்துகொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். சொன்னபடியே எங்கள் தெருவில் ஒரு டியூஷனில் சேர்த்துவிட்டேன். இரண்டு வாரம் உங்களோடு பேசவில்லை. நீங்கள் இரண்டு முறை போன் செய்தீர்கள். எடுக்கவில்லை.

பிறகு ஒரு சனிக்கிழமை காலை வாட்ஸ்அப்பில் உங்களிடமிருந்து ஒரு செய்தி வந்தது. "பிள்ளை, எனக்குக் கொஞ்சம் வருத்தம். ஏலுமெண்டால் ஒருக்கா வந்திட்டுப் போ."

என் தடை பேச்சுக்குத்தான். எழுத்துக்கு நான் தடை போடவில்லை. நீங்களும் எழுதும்போது எப்போதும் உங்கள் தமிழில்தான் எழுதுவீர்கள். பால் பாக்கெட் வாங்கிவரச் சொல்லும் துண்டுச்சீட்டில்கூட. ஆனால் நான் அதை என் தமிழில் படித்தேன். வருத்தமாம். என் குழந்தையைக் கெடுத்துவிட்டு இவருக்கு வருத்தமாம். வா, வந்து சமாதானம் செய் என்கிறார். எனக்கு ஆத்திரம் பொங்கியது. சோபாவில் உட்கார்ந்து பதில் தட்டினேன்.

"எனக்கும் வருத்தம்தான். இப்ப வர முடியாது. அப்புறம் பேசலாம்."

அனுப்பிவிட்டு, உங்கள் பெயர் வந்தால் போன் சத்தம் போடாதபடி செய்து வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை பூரி போட்டேன். குழந்தையோடு உட்கார்ந்து டிவி பார்த்தேன். இரண்டு நாட்கள் அப்பா, முழுதாக இரண்டு நாட்கள்.

திங்கட்கிழமை பதினொரு மணி இருக்கும். அன்று எனக்கு லீவு. கீழேயிருந்து யாரோ பெல்லை விடாமல் அடித்தார்கள். பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தேன். காம்பவுண்டு சுவரில் சாய்ந்து நீங்கள் தரையில் உட்கார்ந்திருந்தீர்கள். கடையின் பெயர் போட்ட கட்டைப்பை உங்கள் மடியில். ஆட்டோக்காரர் ஒரு கையால் உங்களைத் தாங்கிக்கொண்டு இன்னொரு கையால் பெல்லை அமுக்கிக்கொண்டிருந்தார். நான் எப்படிப் படியிறங்கினேன் என்று தெரியாது. அதே ஆட்டோவில் உங்களை ஏற்றினோம். என் தோளில் உங்கள் தலை நெருப்பாகக் கொதித்தது. மூச்சு விசில் மாதிரி வந்தது.

ஆட்டோக்காரர் ஓட்டிக்கொண்டே சொன்னார். "மந்தவெளில ஏறசொல்லவே மூச்சு வாங்கினு இருந்தாரு மேடம். ஆஸ்பத்திரில உடட்டா பெர்சுன்னேன். வேணாம்ப்பா, பொண்ணுக்கு வருத்தம், மொதல்ல அங்க போன்னாரு. பொண்ணு ஏதோ மனசு கஷ்டத்துல கீது போலன்னு நெனச்சிகினேன். அப்பால பையில கைய வெச்சிகினு, மருந்து எடுத்துனு போறேன்றாரு. மனசு கஷ்டத்துக்கு இன்னா மருந்துன்னு எனக்கு ஒண்ணியும் பிரியல."

எனக்குப் புரிந்தது. பாலத்தின்மேல் ஆட்டோ போய்க்கொண்டிருந்தபோது, முப்பது வருடத்துக்கு முன்பு மறந்த ஒரு சொல் எனக்குப் புரிந்தது. உங்கள் தமிழில் வருத்தம் என்றால் நோய். காய்ச்சலும் வருத்தம்தான், வயிற்றுவலியும் வருத்தம்தான். "அம்மாவுக்கு வருத்தம், சத்தம் போடாதை" என்று சின்ன வயதில் எத்தனை முறை கேட்டிருப்பேன்! சமையலறைப் பட்டியலில் அந்தச் சொல்லும் இருந்ததா என்று நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். இருந்திருக்கும். வலது பக்கத்தில் 'உடம்பு சரியில்லை' என்று நானே எழுதியிருப்பேன்.

உடம்புக்கு முடியவில்லை, முடிந்தால் ஒரு தடவை வந்துவிட்டுப் போ என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். எனக்கும் உடம்பு சரியில்லை, வர முடியாது என்று நான் சொன்னதாக நீங்கள் படித்தீர்கள்.

மருத்துவமனையில் உங்களை உள்ளே கொண்டுபோன பிறகு போனைத் திறந்தேன். சனிக்கிழமையே நீங்கள் பதில் போட்டிருக்கிறீர்கள். "கவனம் பிள்ளை. வெளியில திரியாதை. மல்லி அவிச்சுக் குடி. எனக்கு எழும்ப ஏலும் எண்டால் நான் வாறன்." இரண்டு நாள் உங்களுக்கு எழும்ப ஏலவில்லை. திங்கட்கிழமை எழும்பியிருக்கிறீர்கள். கட்டைப்பைக்குள் பிளாஸ்க். அதில் சுக்கும் கொத்தமல்லியும் போட்டு அவித்த தண்ணீர். ஒரு பாக்கெட் ரொட்டி. பேத்திக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட். நூற்றிரண்டு டிகிரி காய்ச்சலில் நின்று அவித்திருக்கிறீர்கள். ஒரு வாய்கூட நீங்கள் குடித்த மாதிரி தெரியவில்லை, பிளாஸ்க் கழுத்துவரை இருந்தது. நடைபாதை நாற்காலியில் உட்கார்ந்து நான் அதைக் குடித்தேன். இன்னும் சூடு ஆறவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

டாக்டர் சின்னப் பெண். சளி நுரையீரல் முழுக்க இறங்கிவிட்டது, இதயமும் தளர்ந்திருக்கிறது என்றாள். ரெண்டு நாள் முன்னாடி வந்திருந்தா என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று அம்மா சொல்வாள். அந்த நடைபாதையில் அன்று நான் செய்யாத நமஸ்காரமில்லை.

மாலை நாலு மணிக்கு ஐந்து நிமிடம் பார்க்க விட்டார்கள். ஆக்ஸிஜன் முகமூடி வைத்திருந்தார்கள். என் காலடிச் சத்தத்துக்குக் கண்ணைத் திறந்தீர்கள். கையைத் தூக்கி என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தீர்கள், காய்ச்சல் இருக்கிறதா என்று. முகமூடியைக் கொஞ்சம் விலக்கிக்கொண்டு கேட்டீர்கள். என் தடையெல்லாம் உங்களுக்கு மறந்துபோயிருந்தது.

"பிள்ளை, உனக்கு வருத்தம் மாறிட்டுதோ?"

உங்கள் ஊரில் நோய் குணமாவதில்லை, மாறிவிடும். எனக்கு முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. எனக்கு ஒரு நோயும் இல்லை, கோபத்தில் அப்படி எழுதினேன், என்னை மன்னித்துவிடுங்கள் என்று காலில் விழுந்திருக்கலாம். ஆனால் அதைச் சொன்னால், வர முடிந்தும் மகள் வரவில்லை என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். உங்களுக்காகத்தான் மறைத்தேன் என்று மூன்று வருடமாக எனக்கு நானே சொல்லிவருகிறேன். எனக்காகவும்தான் மறைத்தேன். உங்கள் கண்ணில் அப்படி ஒரு மகளாக நிற்க எனக்குத் தைரியம் இல்லை.

"மாறிட்டுது அப்பா" என்றேன்.

முப்பது வருடத்தில் உங்கள் தமிழில் உங்களிடம் நான் சொன்னது அது ஒன்றுதான். அதுவும் பொய். நீங்கள் தலையை ஆட்டினீர்கள். முகம் தெளிந்தது. நல்லது என்ற மாதிரி என் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டீர்கள். மறுநாள் விடிந்ததும் போய்விட்டீர்கள்.

வந்தவர்களெல்லாம், இந்த உடம்போடு ஏன் கிளம்பினார் என்று கேட்டார்கள். பேத்தி மேல் உயிர், பார்க்க வந்தார் என்றேன். எல்லோரும் நம்பினார்கள். அவளும் நம்பிவிட்டாள். மூன்று வருடமாக ஒரு குழந்தை, தான் போகாததால்தான் அம்மப்பா செத்துப்போனார் என்று எண்ணிக்கொண்டு பள்ளிக்குப் போய்வந்திருக்கிறது.

நாலு மணிக்கு வருவாள். அவளை உட்காரவைத்து இரண்டு செய்திகளையும் படித்துக் காட்டப்போகிறேன். அவளுக்கு விளக்கம் தேவைப்படாது. அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று நீங்கள் சொல்லிக் கொடுத்திருப்பீர்கள். அதன் பிறகு என்னை எப்படிப் பார்ப்பாளோ, பார்க்கட்டும். அது நான் சுமக்க வேண்டியது. அந்தப் பழி அவளை விட்டு இறங்கினால் போதும்.

உங்களிடம் சொல்ல இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. அன்று ஐந்து நிமிடம் கொடுத்தும் சொல்லாதது. எனக்கு எந்த வருத்தமும் இருக்கவில்லை அப்பா. நான் நன்றாகத்தான் இருந்தேன்.